நெஞ்செரிச்சலுக்கு மாதம் 1,900 ரூபாயா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் நடக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் டைலர். இரண்டு மாதமாக நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை வருகிறது. மெடிக்கலில் வாங்கும் ஜெல் பாட்டில் 145 ரூபாய், மாதம் நான்கு ஆகிறது. ஐந்தாம் மாதத்தில் டாக்டர் ஐந்து நாளைக்கு என்று எழுதிக்கொடுத்த மாத்திரையை, அதே சீட்டைக் காட்டி இன்னும் வாங்கிப் போடுகிறேன். அட்டை 190 ரூபாய், மாதம் இரண்டு. அவசரத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி 150 ரூபாய்க்கு. சூடு தணிய வாரம் ஐந்து இளநீர், ஒன்று 40 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் முதலில் மெடிக்கல் கடன்தான் அடைக்கிறோம். மாமியாரோ, 'பிள்ளைக்கு முடி நிறைய இருக்கு, அதான் கரிக்குது, பொறுத்துக்க' என்கிறார். இத்தனை மருந்தும் குழந்தைக்கு ஆகுமா? செலவைக் குறைக்க வழி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கூட்டிப் பார்த்தேன். 1,910 ரூபாய் வருகிறது. அரசு மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். கடிதம் வந்தால் முதலில் கண் போவது கணக்கின் மேல்தான். உங்கள் கணக்கில் பெரிய தொகை எது தெரியுமா? மருந்தே இல்லை. 800 ரூபாய் இளநீர்.

இளநீர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பிடித்தால் குடியுங்கள். ஆனால் நெஞ்செரிச்சலுக்காக என்று நினைத்து, கடன் வைத்து வாங்க வேண்டாம். நம் ஊரில் கர்ப்பத்தில் வரும் எல்லாவற்றுக்கும் 'சூடு' என்று ஒரே பெயர் வைத்துவிடுவோம். உங்களுக்கு இருப்பது சூடு இல்லை, எதுக்களிப்பு. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. சாப்பாடு இறங்கியதும் சுருக்குப்பை மாதிரி இறுகிக்கொள்ளும். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையைத் தளர்வாக வைத்திருக்கிறது. கூடவே இந்த வளையத்தையும் தளர்த்திவிடுகிறது. ஏழாம் மாதத்தில் கர்ப்பப்பை வளர்ந்து இரைப்பையைக் கீழிருந்து தள்ளுகிறது. வாய் கட்டாத பையைக் கீழே அமுக்கினால் என்ன ஆகும்? புளித்த நீர் மேலே வரும். படுத்தால் இன்னும் சுலபமாக வரும். பிரசவமானதும் பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே போய்விடுகிறது.

அதனால்தான் காசில்லாத வைத்தியத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். வீட்டில் கட்டில் இருந்தால், தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ ஆடாமல் வைத்து, ஆறு அங்குலமாவது உயர்த்துங்கள். மூன்று தலையணை அடுக்குவது இதற்கு ஈடாகாது. தலையணை கழுத்தை மட்டும் தூக்கி, உடம்பை வயிற்றில் மடக்கும்; அமுக்கம்தான் கூடும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர் என்றால், இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக வருகிற மாதிரி மெத்தையையோ போர்வைகளையோ மடித்துக் கீழே கொடுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பை இருக்கும் வாகுக்கு, இடப்பக்கம் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும்.

செக்கிங் டேபிளில் நாள் முழுக்கக் குனிந்தேதான் நிற்பீர்கள் அல்லது உட்கார்ந்திருப்பீர்கள். சாப்பிட்ட கையோடு குனியாமல், ஒரு கால்மணி நேரமாவது நிமிர்ந்திருக்கப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்குப் பசி பொறுக்காமல் ஒரு தட்டு நிறைய சாப்பிடுவதைவிட, டப்பாவில் இரண்டாகப் பிரித்துக் கொண்டுபோய் இரண்டு தடவையாகச் சாப்பிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வந்து, சமைத்து, பத்து மணிக்குச் சாப்பிட்டு, பத்தேகாலுக்குச் சாய்கிறவர்களிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் வயிறு நிறைய சாயங்காலமே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். பஜ்ஜி, டீ, புளிக்குழம்பு, சாக்லேட் எது உங்களுக்குக் கரிக்கிறது என்று நான்கு நாள் கவனித்து, அதை மட்டும் குறைத்தால் போதும். அடுத்த வீட்டு அக்கா ஒதுக்கியதையெல்லாம் நீங்களும் ஒதுக்க வேண்டியதில்லை. கர்ப்பிணி பட்டினி கிடந்து எரிச்சலை வெல்ல முடியாது.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம்.

ஜெல். நான் வேலையில் இருந்தபோது 'அந்த ரோஸ் கலர் மருந்து' என்றே கேட்பார்கள். பாட்டில் லேபிளில் சின்ன எழுத்தைப் படியுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, சிமெதிகோன் என்று இருக்கும். டைஜீன், ஜெலுசில் என்று பெயர் எதுவாக இருந்தாலும் சரக்கு பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். கர்ப்பிணிகளுக்கு அளவோடு டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். விலைதான் கடைக்குக் கடை, பெயருக்குப் பெயர் மாறுகிறது. ஆக்சிடகெய்ன் என்று கூடுதலாக ஒரு பெயர் இருந்தால் அது மரத்துப்போக வைக்கும் மருந்து. டாக்டர் சொல்லாமல் அதை வாங்காதீர்கள்.

பாட்டில் சீக்கிரம் தீர்வதற்கு வேறொரு காரணம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். எரியும்போதெல்லாம், வெறும் வயிற்றில், ஒரு மூடி என்று குடிக்கிறீர்கள், இல்லையா? வெறும் வயிற்றில் குடித்த ஜெல் அரைமணி நேரத்துக்குள் இரைப்பையை விட்டு இறங்கிப் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், சாப்பாட்டோடு சேர்ந்து தங்கி, மூன்று மணி நேரம் வரைகூட வேலை செய்யும். அதே ஸ்பூன், அதே காசு. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து குடியுங்கள். நான்கு பாட்டில் இரண்டாகக் குறைந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இங்கே ஒன்று முக்கியம். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜெல்லோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்த்துப் போடக் கூடாது. டீயோடும் வேண்டாம். எரிகிறது என்று இரும்பு மாத்திரையையே நிறுத்திவிடுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாம் மாதத்தில் ரத்தம் குறைந்து ஊசியும் ட்ரிப்பும் என்று ஆகும்போது, அன்றைக்கு ஒரு நாள் கூலி போவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மாத்திரை. அட்டைப் பெயரையும் எழுதியிருந்தீர்கள், அதை இங்கே வெளியிடவில்லை. அதில் இருப்பது பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும். இரண்டு தனித்தனி மருந்துகள், ஒரே மாத்திரையில். முதலாவது அமிலம் சுரப்பதைக் குறைக்கும். இரண்டாவது வாந்திக்கும் குமட்டலுக்கும் கொடுப்பது. உங்களுக்கு வாந்தி இருப்பதாகவே நீங்கள் எழுதவில்லை. ஐந்து நாளைக்கு எழுதிய சீட்டை இரண்டு மாதம் ஓட்டியதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். சீட்டைத் தேதி பார்க்காமல் கொடுத்த கடைக்காரரையும் சேர்த்து. அடுத்த முறை டாக்டரிடம் மூன்றே கேள்வி: இது இன்னும் எனக்குத் தேவையா? தேவையென்றால் டோம்பெரிடோன் இல்லாமல் தனி மாத்திரை போதுமா? எத்தனை நாளைக்கு? இன்னொன்று, இந்த வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போட்டால் 190 ரூபாய்க்கு முழுப் பலன் கிடைக்காது.

பிள்ளைக்கு ஆகுமா என்ற பயத்துக்கு ஒரு சேதி. 2010இல் டென்மார்க்கில் 8 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைப் பிறப்புகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் பான்டோபிரசோல் வகை மாத்திரை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு குறிப்பிடும்படி கூடவில்லை. ஆகவே போட்டது போட்டதுதான், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இனி கேட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

மாமியார் தன் டப்பாவிலிருந்து ரானிடிடின் என்ற நெஞ்செரிச்சல் மாத்திரையை எடுத்து நீட்டினால் வாங்க வேண்டாம். ஒரு காலத்தில் அதுதான் ஏழைக்கேற்ற மருந்து, நானே கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறேன். அதில் புற்றுநோய் அபாயம் உள்ள ஒரு மாசு உருவாவது தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். கடைகளில் இன்னமும் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

பொடி. அதை இன்றே நிறுத்துங்கள். பொங்கிவரும் பொடியில் இருப்பது சோடியம் பைகார்பனேட், அதாவது சோடா உப்பு. குடித்ததும் ஏப்பம் வந்து சுகமாக இருக்கும். ஆனால் உள்ளே போகிற சோடியம் கால் வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதில்லை. கோலி சோடா, பன்னீர் சோடாவும் வயிற்றை உப்ப வைத்து மேலே தள்ளும். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி வெந்நீரில் போடச் சொல்வார்கள். வயிற்றுப் புண்ணுக்கு அதற்குப் பேர் உண்டு. ஆனால் அளவு மீறினால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் பொருள் அது. கர்ப்ப காலத்தில் ஒதுக்குவதே நல்லது. சீரகத் தண்ணீர் சமையல் அளவில் பரவாயில்லை.

அப்புறம், நீங்கள் ஏன் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். பிரசவத்தைத் தனியாரில் பார்ப்பதாக இருந்தாலும் இங்கே போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே அரசு மருத்துவமனைகளில் தனிப் பரிசோதனை நாள் இருக்கிறது. அன்றைக்குப் போனால் டாக்டரைப் பார்க்கலாம். கர்ப்பப் பதிவு எண்ணும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் என்ன நிலையில் இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடமோ நகரச் செவிலியரிடமோ கேளுங்கள். அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

வெளியில் வாங்கியே ஆக வேண்டுமென்றால், மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும் இருக்கிறது. டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். விலை வித்தியாசத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழைய அட்டையையும் கையில் எடுத்துப்போய் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனை சிக்கனம் சொன்னவள், ஒரு இடத்தில் மட்டும் கையைக் கட்டச் சொல்ல மாட்டேன். எரிச்சல் மேல்வயிற்றிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வலியாக மாறி, கூடவே தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீர் வீக்கம் என்று வந்தால் அது நெஞ்செரிச்சல் இல்லாமலும் இருக்கலாம். கர்ப்பகால ரத்த அழுத்த நோயும் இப்படித்தான் 'கேஸ் வலி' வேஷம் போட்டு வரும். ஜெல்லைக் குடித்துவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். உடனே பிரஷர் பாருங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த நேரமே மருத்துவமனை. அளவு சரியாக இருந்தாலும் வலி நிற்காவிட்டால் போகத்தான் வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. ரத்த வாந்தி, விழுங்க முடியாத நிலை, தோளுக்கோ கைக்கோ இறங்கும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றுக்கும் இதேதான். மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையாலும் இருக்கலாம். தார் மாதிரிப் பிசுபிசுப்பாக இருந்தால் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, மாமியாரின் முடிக் கணக்கு. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பொய் என்று காட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் 64 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். 2006இல் வந்த முடிவு அவர்களையே திகைக்க வைத்தது. நெஞ்செரிச்சல் ஓரளவோ கடுமையாகவோ இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சராசரி அளவோ அதற்கு மேலோ முடி உள்ள பிள்ளைகளே பிறந்தன. முடி குத்துவதால் கரிக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே ஹார்மோன்கள் இரண்டு வேலையையும் செய்யலாம் என்பது அவர்கள் ஊகம். 64 பேர் என்பது ரொம்பச் சின்னக் கணக்கு. ஆனாலும் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தில் கட்டிலுக்குச் செங்கல் எடுத்துவைக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடலாம். நீங்கள் இப்போது குனிந்து கனம் தூக்கக் கூடாது.