நாய் ஸ்டெம் செல்லும் மனித வளர்ச்சிக் காரணியும்: கேள்வி பதில்

கேள்வி: நாய்க் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை) லேபில் வளர்க்கிறேன் சார். செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான எஃப்ஜிஎஃப்-2, நாய்க்கென்று செய்தது கிடைக்கவில்லை. மனிதருடையதைப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். பாலூட்டிகளுக்குள் அதிகம் மாறாத புரதம் அது, நாய்ச் செல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் 37 டிகிரியில் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும், வெள்ளிக்கிழமை போட்டுவிட்டுத் திங்கள்கிழமை வந்து பார்த்தால் செல்கள் சோர்ந்துதான் கிடக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் என்ற பொருளைச் சேர்த்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குப்பி வந்ததுமே சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள்; ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பது வீண்செலவு.

கேள்வி: லேபில் வளர்க்கும்போது எலியின் கரு ஸ்டெம் செல்லுக்கு லிஃப் என்ற புரதம் போடுகிறார்கள், மனிதருடையதற்கு எஃப்ஜிஎஃப்-2. நாய்க்கு?

பதில்: பெரும்பாலும் இரண்டும் சேர்த்துத்தான்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குக் கீமோவில் வெள்ளணு இறங்கிவிட்டது. வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஜிசிஎஸ்எஃப், மனிதருக்கானதை ஊசியாகப் போடலாம் என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் புரிகிறது. சில நாட்களுக்கு மட்டும் என்றால் அது வேலை செய்யும், வெள்ளணு ஏறும். வாரக்கணக்கில் தொடர்வதுதான் ஆபத்து. நாயின் உடல் அதை அந்நியப் புரதமாகப் பார்த்து ஆன்டிபாடி உண்டாக்கும், அந்த ஆன்டிபாடி நாய் தானாகச் சுரக்கும் ஜிசிஎஸ்எஃப்பையும் சேர்த்து முடக்கிவிடும், அப்புறம் வெள்ளணு முன்பிருந்ததைவிடக் கீழே போகும். 1991-லேயே ஆய்வில் காட்டிய விஷயம் இது. சிறுநீரகம் கெட்ட நாய்களுக்கு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் மனித எரித்ரோபோயட்டின் கொடுத்தபோதும் இதேதான், சில நாய்களுக்குச் சிவப்பணு உற்பத்தியே நின்று ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. நாயின் மரபணுவைக் கொண்டே ஜிசிஎஸ்எஃப் தயாரித்ததற்கு இதுதான் காரணம். மனிதருக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே சியாட்டிலில் நாய்களை வைத்துச் செய்த ஆய்வுகளால் வளர்ந்தது, அதை வழிநடத்திய டொன்னல் தாமஸுக்கு 1990-ல் நோபல் கிடைத்தது. அத்தனை தந்த உயிருக்கு அதற்கேற்ற மருந்து கடையில் கிடைக்காதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எத்தனை நாள் போடப்போகிறார் என்று டாக்டரிடம் கேளுங்கள், இடையிடையே ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

கேள்வி: மூட்டுவாதத்துக்கு ஸ்டெம் செல்லோடு வளர்ச்சிக் காரணியும் கலந்து ஊசி போடுகிறார்களாம். நம்பலாமா?

பதில்: எந்தக் காரணி, எந்த உயிரினத்துடையது, எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம். இவற்றில் பல ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராகின்றன, சுத்திகரிப்பு சரியில்லை என்றால் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு தங்கி மூட்டு வீங்கிவிடும். ஆய்வுக்கு மட்டும் என்று அச்சிட்ட குப்பியை உங்கள் நாய்க்கு ஏற்றச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.