அரசுக்கு எல்லை எது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரம்புக்குட்பட்ட அரசு, அதாவது சட்டமும் நீதிமன்றமும் கட்டுப்படுத்தும் அரசு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நீதிமன்றம், எதிர்க்கட்சி, பத்திரிகை என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எந்த அரசால் வேலை செய்ய முடியும்? நல்ல மனம் கொண்ட ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்தால் காரியங்கள் வேகமாக நடக்காதா? அதோடு, இன்று பெரும்பாலான நாடுகளில் அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. பிறகு வரம்பற்ற அரசு என்று எதைச் சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1762இல் லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஆட்கள் புகுந்தார்கள். அரசை விமர்சித்து எழுதினார் என்பது புகார். நான்கு மணிநேரம் பெட்டிகளையும் இழுப்பறைகளையும் உடைத்துக் குடைந்து, காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். கையில் அமைச்சர் கொடுத்த உத்தரவு இருந்தது. என்டிக் வழக்குப் போட்டார். 1765இல் தீர்ப்பு வந்தது: இப்படிச் சோதனையிட அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டத்தைக் காட்டுங்கள், அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் இது வெறும் அத்துமீறல். அரசுக்கு அவசியம் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. வந்தவர்கள் 300 பவுண்டு நஷ்டஈடு கட்ட நேர்ந்தது.

பிரிட்டனில் இன்றுவரை ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. 1936ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 128ஆவது பிரிவு குடிமக்களின் வீட்டுக்கும் கடிதங்களுக்கும் பாதுகாப்பு அளித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரகசியப் போலீஸ் லட்சக்கணக்கானவர்களைப் பிடித்துச் சென்றது. மூவர் குழுக்கள் குற்றவாளியை நேரில் பார்க்காமலேயே மரண தண்டனை எழுதின. 128ஆவது பிரிவைக் காட்டி வழக்குப் போட ஒரு இடமும் இல்லை. அரசின் ஆளுக்கு எதிராக ஒரு தனி மனிதர் போய் நிற்க இடம் உண்டா, அங்கே ஜெயிக்க வழி உண்டா, ஜெயித்தால் அரசு அடங்குமா? நான் பார்ப்பது இவற்றைத்தான்.

இனி வேகம். வரம்பற்ற அரசு வேகமாகச் செயல்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பான திசையிலும் அது அதே வேகத்தில்தான் போகும், நிறுத்த ஆள் இருக்காது. விவசாயத்தையும் தொழிலையும் ஒரே தாவலில் வளர்த்துவிட சீனத் தலைவர் மாவோ தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ காலத்தில் கீழ்மட்ட அதிகாரிகள், மேலே இருப்பவர்கள் கேட்க விரும்பிய விளைச்சல் கணக்கையே எழுதி அனுப்பினார்கள். இல்லாத விளைச்சலை நம்பி அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது; கிராமங்களில் பஞ்சம் வந்தது. 1959 ஜூலையில் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது, பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய் இந்தக் குளறுபடிகளைச் சுட்டிக்காட்டி மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில், மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். மாவோ அதை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கச் செய்து, பெங்கைக் கட்சி விரோதி ஆக்கினார். பதவி போனது. அதன்பின் வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பஞ்சம் 1961 வரை நீண்டது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

தலைவரின் மனம் நல்லதா கெட்டதா என்பது இங்கே இரண்டாம்பட்சம். உண்மையைச் சொன்னவரின் கதியைப் பார்த்தபின், எந்தத் தலைவரின் காதுக்கும் உண்மை போய்ச் சேராது. நீங்கள் ‘இழுபறி’ என்று சலித்துக்கொள்ளும் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் வழிகள். அவற்றை அடைத்துவிட்டு நல்லாட்சியை எதிர்பார்ப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வரம்புள்ள அரசுகளும் கொடுமை செய்திருக்கின்றன, மறுக்கவில்லை. 1942இல் அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியேற்ற உத்தரவை மீறிய பிரெட் கோரெமாட்சுவின் தண்டனையை 1944இல் உச்ச நீதிமன்றமே 6-3 என்ற கணக்கில் உறுதிசெய்தது. போர்க்கால பயத்தில் தடுப்புகள் எல்லாமே விழுந்துவிட்டன. ஆனால் மூன்று நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பு ஏட்டில் இருந்தது. அரசு நீதிமன்றத்திடம் மறைத்த ஆவணங்கள் பின்னால் வெளியே வந்தன. 1983இல் கோரெமாட்சுவின் தண்டனை ரத்தானது; 1988இல் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்பும் 20,000 டாலரும் வழங்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நாற்பதாண்டுத் தாமதத்தை நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் கோரெமாட்சு தன் வழக்கில் ஜெயித்ததை நீதிமன்றத்தில் நின்று தானே கேட்டார். பெங் 1974இல் காவலிலேயே இறந்தார். அவர் மீதான பழியைக் கட்சி நீக்கியது 1978இல், மாவோவும் மறைந்த பிறகு.