அரசுப் பள்ளியில் மதங்களைப் பற்றிய பாடம் – கடிதம்

ஐயா, வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். அவன் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. காலாண்டு லீவில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். உங்கள் மதம் அல்லாத ஒருவரின் வீட்டுக்கோ கோயில், பள்ளிவாசல், சர்ச்சுக்கோ போய், அங்கே என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டு நாலு பக்கம் எழுதி வர வேண்டும். என் மகன் கூட்டாளி வீட்டுக்குப் போய், அவனுடைய உம்மாவிடம் நோன்பு பற்றிக் கேட்டு எழுதினான்.

பள்ளி திறந்ததும் பிரச்சினையாகிவிட்டது. “என் பையனைக் கோயிலுக்குள் போகச் சொல்ல நீங்கள் யார்?” என்று ஒரு பையனின் அத்தா வந்து கேட்டார். மறுநாள் வேறு சிலர் வந்து, “பிள்ளைகளை மதம் மாற்றப் பார்க்கிறீர்களா?” என்று சத்தம் போட்டார்கள். எச்.எம். நோட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். இனிமேல் மதம் சம்பந்தமாக எதையுமே பள்ளியில் பேசக் கூடாது என்று ஒரு மனு எழுதி, பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். 2024இல் சென்னைப் பள்ளியில் நடந்த ஆன்மிகப் பேச்சை நீங்கள் கண்டித்து எழுதியதைத் தம்பி காட்டினான். அப்படியானால் நான் கையெழுத்துப் போடுவதுதானே சரி?

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஆசிரியர் கொடுத்தது நல்ல வேலை. அதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2024இல் நான் எழுதியதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளிக்கு வந்த பேச்சாளர், முற்பிறவியில் செய்த வினையால்தான் இந்தப் பிறவியில் உடல் குறை வருகிறது என்கிற ரீதியில் மாணவிகளிடம் பேசினார். கண் பார்வை இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு நம்பிக்கையை உண்மை என்று அவர்கள் தலையில் ஏற்றிய காரியம் அது. உங்கள் மகனின் ஆசிரியர் எதையும் ஏற்றவில்லை. போய்க் கேட்டு வா, கேட்டதை எழுது என்றார். நோன்பு எதற்கு என்று தெரிந்துகொண்டதால் உங்கள் மகன் நோன்பு பிடிக்க ஆரம்பித்துவிட்டானா? இல்லையே.

இந்த வித்தியாசம் நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது 28ஆவது பிரிவு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை இந்தப் பிரிவை விவாதித்தபோது, போதனை வேறு, படிப்பும் ஆய்வும் வேறு என்று அம்பேத்கர் தெளிவாகவே பதில் சொன்னார். இறைவன் ஒருவனே, முகமது நபியே இறுதித் தூதர் என்று நம்பச் சொல்வது போதனை. ஒரு மதத்தைப் படித்துப் புரிந்துகொள்வது அதிலிருந்து ரொம்பவே மாறுபட்டது என்று உதாரணத்தோடு விளக்கினார். 1964இல் அமைத்த கோத்தாரி கல்விக் குழுவும் இந்த இரண்டையும் பிரித்தே பேசியது. மதங்களைப் பற்றிய பாடம் பாடத்திட்டத்தில் வரலாமா என்று 2002இல் அருணா ராய் வழக்கில் கேள்வி வந்தபோது, அதற்கு 28ஆவது பிரிவு தடையில்லை என்றது உச்ச நீதிமன்றம். அமெரிக்காவிலும் 1963இல் அரசுப் பள்ளிகளில் தினமும் பைபிள் வாசிப்பதை அங்குள்ள உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதே தீர்ப்பிலேயே, கல்வியின் ஒரு பகுதியாக, சார்பில்லாமல் மதங்களைப் படிப்பதற்குத் தடை இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதே அளவுகோலை நாம் வழக்கமாகச் செய்யும் காரியங்களுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி வகுப்பறையில் படத்துக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் பொட்டு வைத்து சரஸ்வதி பூஜை கொண்டாடுவது வழிபாடு. பலருக்கு அது பிரியமான நாள், நான் இப்படிச் சொல்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அது அரசுப் பள்ளியில் நடக்கக் கூடாது. சரஸ்வதி பூஜை எதற்குக் கொண்டாடுகிறார்கள் என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்பது தாராளமாக நடக்கலாம்.

சரி, மதம் சம்பந்தமாக எதையுமே பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்று மனுவில் கேட்கிறார்கள். நம் கரையில் அப்படி விட முடியாது. இங்கே வரலாற்றில் எதைத் தொட்டாலும் அதில் மதம் இருக்கிறது.

இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அந்தக் கீழக்கரை வணிகர் ஷெய்கு அப்துல் காதிர் இந்த மன்னருக்கு மிக நெருக்கமானவர். நபிகளின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவரும் அந்த வணிகர்தான். அதே மன்னரின் ஆட்சியில்தான், 1693 பிப்ரவரியில், போர்ச்சுகல்லில் இருந்து வந்த ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தரை ஓரியூரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். தடியத்தேவர் என்ற அரச குடும்பத்துக்காரர் கிறிஸ்தவரானார். பல மனைவிகளில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒரு பெண் சேதுபதிக்கு உறவு. தடியத்தேவருக்கு அரியணையில் உரிமை கோரும் தகுதியும் இருந்தது. இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கலாம்: ஒரு முஸ்லிம் வணிகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட மன்னர் ஒரு கிறிஸ்தவச் சாமியாரைக் கொல்லச் சொன்னது எதனால்? மதத்தாலா, குடும்ப கௌரவத்தாலா, வாரிசுச் சண்டையாலா? இதைப் பேசிப் பழகிய பிள்ளையிடம் நாளைக்கு ஒருவர் வந்து “அவனுங்களே அப்படித்தான்” என்று சொன்னால், அது அவ்வளவு சுலபமாக எடுபடாது. இன்றைக்கும் ஓரியூருக்குப் போய், அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி அந்தச் சிவப்பு மண்ணை எடுத்து வருகிறார்களே, அதில் எத்தனை பேர் இந்துக்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று. 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்து இறங்கினார். இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். இராமேசுவரம் கோயிலில் பேசிய விவேகானந்தர், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்றார். அதே வருஷம் மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் நுழைந்தார்கள். அது தவறு என்று சேதுபதி தரப்பிலிருந்து வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பாம்பன் வரவேற்பை மட்டும் சொல்லிக்கொடுத்துக் கமுதியை விட்டுவிட்டால் அது பாதிப் பாடம். கமுதியை மட்டும் சொன்னாலும் பாதிப் பாடம்தான்.

மதங்களைப் பற்றிய பாடம் என்றாலே எல்லா மதமும் அன்பைப் போதிக்கிறது என்று நாலு வரி எழுதி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள், சந்தனக்கூடு ஊரே கூடும் விழா என்று பிள்ளைகள் எழுதட்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, அதே ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். அதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களின் கதியற்ற நிலை, அந்த நம்பிக்கையை வைத்து நடந்த வியாபாரம், மனநல மருத்துவம் எட்டாத ஊர்கள் என்று எல்லாமே அதில் இருக்கிறது. இதை ஒரு மதத்தை இழிவுபடுத்தாமல் பேச ஒரு நல்ல ஆசிரியரால் முடியும்.

அந்தப் பையனின் அத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரை மனுக்காரர்களோடு ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். கோயிலுக்குள் போவது தன் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று நினைப்பவருக்கு அப்படி நினைக்க முழு உரிமை உண்டு. இது மற்ற மதத்துக்காரர்களைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. நம் ஊர்களில் தர்காவுக்குப் போவது சரியா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே எவ்வளவு வாக்குவாதம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் உரூஸுக்குப் போகும் வீடும் இருக்கும், அது மார்க்கத்தில் இல்லாதது என்று சொல்லும் வீடும் இருக்கும். மாதா சப்பரத்துக்குப் பின்னால் போகும் குடும்பத்துக்கும் பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்துக்கும் அப்படித்தான். குலசாமிக்குக் கிடா வெட்டும் வீட்டின் பக்தியும் சேதுக்கரையில் தர்ப்பணம் கொடுக்கும் வீட்டின் பக்தியும் ஒன்றா? இஸ்லாம் என்றால் இது, இந்து மதம் என்றால் இது என்று ஒரே வரியில் கற்றுக்கொடுத்தால், அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டை நாம் பொய்யாக்கிவிடுவோம். அதனால்தான் அந்த ஆசிரியர் புத்தகத்தோடு நிற்காமல் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் கருத்து வேறுபாடும் இங்கேதான். வீட்டுக்கோ வழிபாட்டு இடத்துக்கோ என்று ஆசிரியர் சொல்லியிருந்தாலும், பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். வெளியே எங்குமே அனுப்ப விரும்பாதவர்களுக்கு வேறு ஒரு வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் குலசேகர ஆழ்வார் பாசுரமும் இருக்கிறது, வீரமாமுனிவரின் தேம்பாவணியும் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் எங்கும் போகாமல், வகுப்பிலேயே அவற்றை வைத்துப் பேசலாம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: சர்ச்சோ, ஜமாஅத்தோ, கோயில் அறக்கட்டளையோ யார் நடத்தினாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பிள்ளையை வழிபாட்டில் உட்கார வைக்க முடியாது. அதே 28ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் அது இருக்கிறது.

இராமேசுவரத்தில் அப்துல் கலாம் சின்னப் பையனாகப் படித்தபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். குருக்கள் மகனுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பையன் உட்காரக் கூடாது என்று, புதிதாக வந்த ஆசிரியர் அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் குருக்கள் லட்சுமண சாஸ்திரிகள்தான். மதத்தைப் பற்றிப் பாடம் நடத்தாவிட்டாலும் பள்ளிக்குள் மதம் வந்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? யார் எங்கே உட்காருவது, யார் டிபன் பாக்ஸைப் பார்த்து யார் முகம் சுளிப்பது என்று அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. போனில் வரும் வீடியோக்களையும் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆசிரியர் வாயை மட்டும் அடைத்துவிட்டால், பிள்ளைக்கு இதைப் பற்றிப் பொறுப்போடு சொல்லக்கூடிய ஒரே ஆளையும் அனுப்பிவிடுகிறோம்.

நீங்கள் செய்யக் கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று எச்.எம்.மிடம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பையனின் அத்தாவையும் நேரில் போய்க் கூப்பிடுங்கள். சம்மதக் கடிதம் வாங்குவது, போக விரும்பாதவர்களுக்கு மாற்று வேலை, வழிபாட்டில் யாரையும் பங்கெடுக்கச் சொல்லாமல் இருப்பது, இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு இப்போது தேவை அப்படி ஒரு காகிதம். சத்தம் போட்டு யாராவது வந்தால் அவர் தனியாக நிற்க வேண்டியிருக்காது, எச்.எம்.முக்கும் பயப்படக் காரணம் இருக்காது. அப்புறம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரும் எழுதியதை வகுப்பில் வாசிக்க ஒரு பீரியட் ஒதுக்கச் சொல்லுங்கள். யாரைப் பற்றி எழுதினார்களோ அந்த வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதானே உட்கார்ந்திருப்பார்கள். தப்பாக எழுதியிருந்தால் அவர்களே திருத்தட்டும்.

அன்புடன்.