கனடா பிஆருக்கு ஊழியர் கடிதம் கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் சிறு யூனிட் நடத்துகிறேன். எங்கள் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் உரிமைக்கான (பிஆர்) எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்துக்கு வேலை அனுபவக் கடிதம் கேட்டார். "நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்று மனதாரப் பாராட்டி எழுதிக் கொடுத்தேன். இது செல்லாது என்கிறார். என்ன குறை?

பதில்: பாராட்டில் தவறில்லை. ஆனால் அதைப் படிக்கும் கனடா குடியேற்ற அதிகாரிக்குத் தெரிய வேண்டியது வேறு: இவர் என்ன வேலையை, எந்தத் தேதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளத்துக்குச் செய்கிறார்? இதில் ஒன்று விடுபட்டாலும் அந்த அனுபவத்தை அவர் கணக்கில் சேர்க்காமல் போகலாம்.

கடிதம் கம்பெனி லெட்டர்பேடில், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலுடன், ஆங்கிலத்தில் இருக்கட்டும். சேர்ந்த தேதி, வகித்த பதவிகள், இன்னும் வேலையில் இருக்கிறார் என்ற குறிப்பு, வார வேலை நேரம், ஆண்டுச் சம்பளம், இதர சலுகைகள் ஆகியவை வேண்டும். நேரடி மேலதிகாரியோ மனிதவள அதிகாரியோ பெயர், பதவியுடன் கையெழுத்திட வேண்டும். இடையில் பதவி உயர்வு பெற்றிருந்தால் ஒவ்வொரு பதவிக்கும் தேதியும் பணிகளும் தனித்தனியாக வர வேண்டும்.

அடிக்கடி மறந்துபோவது வேலை நேரம். 'முழுநேரம்' என்று மட்டும் எழுதாதீர்கள். 48 மணி நேரம் என்றால் 48 என்றே போடுங்கள். கனடா கணக்கில் வாரம் 30 மணி நேரம், ஆண்டுக்கு 1,560 மணி நேரம் ஓராண்டு அனுபவம். 30-க்கு மேல் உள்ளதை அவர்கள் சேர்ப்பதில்லை, ஆனாலும் உண்மையான எண்தான் இருக்க வேண்டும்.

கடிதத்தின் உயிர் பணி விவரத்தில் இருக்கிறது. அவர் எந்த என்ஓசி எண்ணில் (கனடா அரசு ஒவ்வொரு தொழிலுக்கும் கொடுத்திருக்கும் வகைப்பாட்டு எண்; தடையில்லாச் சான்று அல்ல) விண்ணப்பிக்கிறார் என்று கேட்டு, அதன் பணிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அவற்றில் அவர் நிஜமாகச் செய்வதை மட்டும் உங்கள் பட்டறை மொழியில் எழுதுங்கள். "தரத்தைக் கவனிக்கிறார்" என்பது போதாது. "வரும் காஸ்டிங்குகளை மைக்ரோமீட்டரால் அளந்து சோதிக்கிறார், பம்ப்களுக்கு ஹைட்ரோ டெஸ்ட் நடத்தி அறிக்கை தயாரிக்கிறார், ரிஜெக்‌ஷன் கூடினால் காரணம் கண்டறிந்து மெஷின் ஷாப்புக்குத் திருத்தம் சொல்கிறார்" என்று எழுதினால் வேலை கண்முன் தெரியும். பட்டியலை வரிக்கு வரி காப்பியடித்தால் சந்தேகம்தான் வரும்.

உதவி செய்யும் ஆசையில் பதவியை 'மேனேஜர்' ஆக்குவதும் சம்பளத்தைக் கூட்டிப் போடுவதும் அவருக்கே வினை. பே ஸ்லிப், ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு எல்லாம் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். தவறான தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுகள் அவர் கனடாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவந்திருந்தால், எந்தத் தொகையைக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சரிபார்க்க உங்களுக்கே அழைப்போ மின்னஞ்சலோ வரலாம். போன் எடுப்பவரிடம் இந்த ஊழியரின் பெயரைச் சொல்லி வையுங்கள். கையெழுத்திட்ட கடிதத்தின் நகலை ஃபைலில் வைத்திருங்கள்.