பித்தப்பையில் 5 மில்லிமீற்றர் பொலிப்: சீ.ரி. ஸ்கான் வேண்டுமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்: "அம்மாவுக்கு 54 வயது. வயிறு ஊதுகிறது என்று ஸ்கான் செய்தோம். பித்தப்பையில் 5 மில்லிமீற்றர் பொலிப் என்று எழுதித் தந்தார்கள். கட்டி என்றதிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் கூட்டிப்போய் சீ.ரி. எடுக்கட்டா? ஸ்கானுக்குப் போன அன்று பால் தேத்தண்ணி குடித்திருந்தா."

நெல் காசு இருக்கட்டும். பொலிப் என்றால் பித்தப்பையின் உட்சுவரில் முளைக்கும் சின்னப் புடைப்பு. அவற்றில் பெரும்பாலானவை சுவரில் கொலஸ்ரரோல் படிந்து முளைத்தவை. சிறியதென்றால் சீ.ரி. படத்தில் பித்தநீரோடு கலந்து தெரியாமலே போய்விடும். இதற்கு அல்ட்ராசவுண்ட்தான் மேல்.

எனக்கு உறுத்துவது அந்தத் தேத்தண்ணி. பால் கொழுப்பு குடலுக்குள் இறங்கினதும் பித்தப்பை சுருங்கும். சுருங்கிய பையில் சுவர் மடிப்பும் பொலிப் மாதிரித் தெரியலாம். ஆகவே 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல், வெறும் தண்ணீரோடு போய், முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இன்னொருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்யுங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவரென்றால் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள். கல் என்றால் பெரும்பாலும் உருளும், பின்னால் கறுப்பு நிழல் விழும். பித்தச் சேறு, அதாவது தடித்துப்போன பித்தநீர், மெல்ல வழுகும். பொலிப் ஒட்டின இடத்திலேயே நிற்கும், நிழலும் விழாது. தடித்த சுவரிலிருந்து வால்வெள்ளியின் வால்போல வெள்ளைக்கோடு இறங்கினால் அது அடினோமயோமற்றோசிஸ் என்கிற சுவர்த் தடிப்பு. அதுவும் புற்றுநோய் இல்லை. அடினோமாதான் உண்மையான கட்டி. அது அரிது. ஆனால் சின்னதாக இருக்கும்போது கொலஸ்ரரோல் பொலிப்பிலிருந்து அதைப் படத்தில் பிரிப்பது ஸ்கான் பார்க்கும் எங்களுக்கும் கஷ்டம். அதனால்தான் அளவைப் பிடித்துத் தொங்குகிறோம்.

10 மில்லிமீற்றரைத் தொட்டால் பித்தப்பையை எடுப்பதுதான் வழக்கம். 5 வரைக்கும், வேறு ஆபத்துக் காரணி இல்லாவிட்டால், திரும்பப் பார்க்கவே தேவையில்லை என்கிறது 2022 ஐரோப்பிய வழிகாட்டல். ஆனால் ஆசிய வம்சத்தவர் என்பதையே அது ஓர் ஆபத்துக் காரணியாக எடுக்கிறது. அப்படிப் பார்த்தால் 6 மாதத்திலும், 1 வருடத்திலும், 2 வருடத்திலும் ஸ்கான் செய்வதுதான் சரி. பழைய றிப்போட்டைக் கொண்டு போங்கள். அளப்பவர் மாறினாலே ஒரு மில்லிமீற்றர் கூடிக் குறையும். 6 என்று வந்தால் பதறவேண்டாம்.

வலப்பக்க விலாவுக்குக் கீழே கடும் வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் தவணை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வயிறு ஊதலுக்கு இந்தப் பொலிப் காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன், அதை வைத்தியரிடம் தனியாகக் காட்டுங்கள். ஸ்கான் நாளைத் தவிர மற்ற நாட்களில் அம்மா பட்டினி கிடக்கத் தேவையில்லை.