அறுபட்ட கிழங்கின் மூச்சு

அன்புள்ள ஐயா,

வெட்டுப்பட்ட செடி கூடுதலாகச் சுவாசிக்கிறது என்று படித்தேன். கொல்லையில் வாழையிலை அறுக்கும்போதெல்லாம் மனம் கூசுகிறது. அது வலியால் விடும் பெருமூச்சுதானா? விளக்கு வைத்தபின் இலை பறிக்கக் கூடாது என்று அப்பாயி சொல்வதும் இதனால்தானா?

ஒரு வாசகி, பாபநாசம்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாயியின் சொல் வீட்டு ஒழுங்கு. அதற்கு அறிவியல் முட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் மனக்கூச்சமும் இருக்கட்டும், அது நல்ல மனத்தின் அடையாளம். ஆனால் ‘பெருமூச்சு’ என்ற சொல்லை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செடிக்கு நரம்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. அதன் ஒவ்வோர் உயிரணுவும் தானே ஆக்சிஜனை எடுத்து, சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவை விடுகிறது. அந்த உழைப்பை அழுகை என்று எண்ணி இரங்குவதால், அதற்கு வேண்டியது என்ன என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

ஹெர்பர்ட் ரிச்சர்ட்ஸ் என்பவர் 1896-இல் காயம்பட்ட தாவரங்களின் சுவாசத்தை அளந்தார். உருளைக்கிழங்கை வெட்டியவுடன் வெளிப்படும் வாயுவில் ஒரு பங்கு ஏற்கெனவே திசுவுக்குள் அடைபட்டுக் கிடந்ததே. அதன்பின் சுவாசம் உண்மையாகவே ஏறி, ஓரிரு நாளில் உச்சத்தைத் தொட்டு, காயம் ஆற ஆறத் தணிகிறது. வெட்டுவாயில் சூடும் சற்றே கூடும் என்று மறு ஆண்டு அவரே காட்டினார். இந்த ஓட்டமெல்லாம் எதற்கு? மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி எரித்த ஆற்றலைக் கொண்டுதான் வெட்டுவாய் உயிரணுக்கள் சூபரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பூச்சைத் தம் சுவர்களில் படியவைக்கின்றன. அதற்கடியில் புதிய உயிரணுக்கள் பிரிந்து தக்கைத்தோல் உருவாகிறது. காற்றில்லாமல் இது நடக்காது.

இதை நான் கற்றது கொள்ளிடத்துப் படுகையில். சித்திரையில் அப்பா விதைச் சேனையைத் துண்டாக்கி, சாணிப்பாலில் தோய்த்து, நிழலில் பரப்பியிருந்தார். மழை மேகம் கண்டு, பன்னிரண்டு வயதுப் பையனான நான் அத்தனையையும் பாலித்தீன் சாக்கில் திணித்து வாயை இறுகக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் சாக்குக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பு, உள்ளெல்லாம் வியர்வை, அழுகல் நாற்றம். ஆற்றிக்கொள்ளத் துடித்த துண்டுகளுக்குக் காற்றை நான் மறுத்திருந்தேன். ஈரத்தில் கிருமிகள் முந்திக்கொண்டன. அப்பா திட்டவில்லை, ஒரு துண்டை முகர்ந்துவிட்டு வரப்போரம் கொட்டினார். அந்த வருடம் எங்களுக்குச் சேனை இல்லை.

நீங்கள் இலையை அறுங்கள். சேனை வெட்டினால் மட்டும், துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிழலில் பரப்புங்கள். மழை வந்தால் திண்ணைக்கு மாற்றுங்கள், சாக்கில் கட்டாதீர்கள்.