மழை பெய்த ஒன்பதாம் நாள்: புறா ஆர்க்கிட்

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் ஒட்டி வளரும் செடி, மார்ச் மாதம் ஒருநாள் காலை வெள்ளை வெளேரென்று பூத்துக் குலுங்கியது. வீட்டுக்குள் வரை மணம். மறுநாள் ஒரு பூகூட இல்லை. என்ன செடி இது? வசந்தம் பிறந்ததால் பூத்ததா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: புறா ஆர்க்கிட். மலாய்க்காரர்கள் அங்கெரிக் மெர்பாத்தி என்பார்கள். தாவரவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். மலேசிய மண்ணில் இயல்பாகவே வளரும் காட்டுச்செடி. உங்கள் சாலை மரத்தில் யாரும் நட்டு வைத்திருக்க மாட்டார்கள். காற்றில் வந்த விதை முளைத்தது.

பங்குனியில் ஊரில் வேம்பு பூப்பது போல இது மாதம் பார்த்துப் பூப்பதில்லை. இதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் அப்படியே உறங்கிவிடும். வெயில் கொளுத்திய பிற்பகலில் திடீரென்று கனமழை கொட்டி, வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் இறங்கினால்தான் விழிக்கும். அன்றிலிருந்து 9ஆம் நாள் விடியலில் மலரும். ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். ஒரே மழையில் குளிர்ந்த வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் பூப்பது இதனால்தான். பூவின் ஆயுள் ஒரு பகல். அதற்குள் தேனீ ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போயாக வேண்டும் என்பதால், எல்லாம் சேர்ந்து பூப்பதில் செடிக்கு லாபம் உண்டு.

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். அதனால் உங்கள் கண்ணில் மார்ச்சில் பட்டது. அடுத்த பெருமழை நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆண்டில் பலமுறை பார்க்கலாம்.

கேள்வி: நர்சரியில் வாங்கிய புறா ஆர்க்கிட்டைக் கறுப்பு மண் நிரப்பிய தொட்டியில், கார் நிறுத்தும் கூரைக்கடியில் வைத்திருக்கிறேன். இலை பச்சையாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. நுனியில் காய்ந்து நிற்கும் குச்சிகளை வெட்டிக்கொண்டே இருக்கிறேன்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பூவை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள் ஐயா! இந்தச் செடியின் தண்டைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அடியில் பருத்த பகுதி, நடுவில் இலைகள், நுனியில் கம்பி போல மெலிந்த, இலையில்லாத குச்சி. அந்தக் குச்சியின் கணுக்களில்தான் மொட்டு வரும். அதே கணுவில் திரும்பத் திரும்ப வரும். தொட்டால் நொறுங்குமளவு காய்ந்ததை மட்டும் நீக்குங்கள்.

அடுத்து மண். மரக்கிளையில் காற்றாட வாழும் வேருக்கு மண் ஆகாது. ஈரம் தேங்கி அழுகும். வெளியே எடுத்து மண்ணைக் கழுவுங்கள். அமுக்கினால் கொழகொழவென்று உரியும் வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்குங்கள். வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு, பட்டை சொரசொரப்பாக உள்ள கட்டையில் வேர்ப்பகுதியைப் பதித்து, கையளவு தேங்காய் மட்டை நார் வைத்து, மீன்பிடி நைலான் நூலால் ஆடாதபடி கட்டுங்கள். ஆடினால் புதுவேரின் பச்சை நுனி உராய்ந்து கருகிவிடும். பருத்த அடிப்பகுதியை நாரால் மூட வேண்டாம். கட்டைக்குப் பதில், பக்கங்களில் துளையுள்ள தொட்டியில் பெருவிரல் பருமன் அடுப்புக்கரித் துண்டுகளும் போதும்.

கூரையடியை விடுங்கள். காலை வெயில் 4 மணி நேரமாவது படவேண்டும். நிழலில் மொட்டே பிடிக்காது. சிமெண்டுக் கூரை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மழைக் குளிர்ச்சியும் அங்கே சரியாக எட்டாது. ஆனால் ஒரேயடியாக வெயிலில் தள்ளினால் இலை வெந்துவிடும். இரண்டு வாரத்தில் படிப்படியாக நகர்த்துங்கள். தண்ணீர் காலையில். உரம் 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேர் நனைந்த பிறகு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும்.

வேரிடுக்கில் எறும்பு குடியிருந்தால் தண்டுகளில் செதில்பூச்சியைத் தேடுங்கள். பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: ஐஸ் கட்டி வைத்தால் பூக்குமாமே?
– வாசகி, செந்தூல்

பதில்: செடியை எழுப்புவது ஈரம் அல்ல, குளிர்ச்சி, அந்த அளவில் யோசனை சரி. ஆனால் குளிர வேண்டியது மொட்டு இருக்கும் நுனிக்குச்சி. வேரில் ஐஸ் வைத்தால் வேர்தான் கெடும். முதிர்ந்த மொட்டு இல்லாவிட்டால் என்ன செய்தாலும் பயனில்லை. திறந்தவெளியில் தொங்கவிடுங்கள், கோலாலம்பூர் மழை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் மாமரத்தில் இது படர்கிறது. மரத்தின் சத்தை உறிஞ்சுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: உறிஞ்சாது. பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மரத்தைக் கெடுப்பது புல்லுருவி. அது ஒட்டுமிடத்தில் கிளை வீங்கியிருக்கும், தனியாக உரித்தெடுக்க முடியாது. அந்தக் கிளையை வீக்கத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஆர்க்கிட்டின் வேரோ பட்டைக்கு மேலேயே ஓடும்.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்கலாமா?
– வாசகி, கெப்போங்

பதில்: வீட்டில் கடினம். தூசு போன்ற விதை, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. ஒருவகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஆய்வுக்கூடங்களில் அதற்குப் பதில் சத்துக்கூழில் விதைக்கிறார்கள். உங்களுக்குச் சுலபமான வழி, பழைய தண்டின் கணுக்களில் முளைக்கும் குட்டிச்செடி. அதன் வேர் 3 முதல் 5 செ.மீ. நீண்டதும் தாய்த்தண்டில் சிறு துண்டோடு வெட்டிக் கட்டையில் கட்டுங்கள். வேர் வராமல் பிரித்தால் சுருங்கிச் செத்துவிடும். சாலை மரங்களிலிருந்து பிடுங்க வேண்டாம். சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலுள்ள அக்காவுக்கு ஒரு செடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. காட்டுயிர், தாவர வகைகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது. மலேசியாவின் ஏற்றுமதி அனுமதி, தாவர நலச் சான்றிதழ், இந்தியாவின் இறக்குமதி அனுமதி மூன்றும் வேண்டும். நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய செடியானாலும் இதுதான் விதி. ரசீதைக் காட்டித் தப்ப முடியாது.